அரக்குக்கு மாற்றுத் தேடிய அறிஞர் லியோ பேக்லாண்ட்

பசறை மலைப் பாதைகளிலே மூடுபனி இறங்கும் மாரிக்காலத்துக் காலைகளில், பழைய மொரிஸ் காரோ ஒஸ்ரின் காரோ எளிதிற் புறப்பட மறுப்பதை எம்மிற் பலர் கண்டிருப்போம். சாரதி முன்மூடியைத் தூக்கி, எஞ்சினின் பக்கத்தில் நண்டின் கால்களைப் போலக் கம்பிகள் புறப்படும் கறுப்பு நிறக் கிண்ணம் ஒன்றைக் கழற்றுவார். அதன் உட்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்து மீண்டும் பூட்டியதும் எஞ்சின் உயிர்பெற்றுவிடும். டிஸ்ரிபியூட்டர் மூடி என்று கராஜ்காரர் கூறும் அக்கிண்ணம், மண்ணிலும் மரத்திலும் விளையாத ஒரு பொருளால் ஆனது. பேக்கலைட் என்னும் அப்பொருளை உலகுக்குத் தந்த லியோ ஹென்ட்ரிக் பேக்லாண்ட் என்ற இரசாயன அறிஞரின் வாழ்க்கையை எம் இளைஞர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அன்னாருடைய வரலாற்றிலே தோட்டப்புறத்து மக்களாகிய நாம் கருத்தூன்றி நோக்கவேண்டிய செய்திகள் இரண்டு உள. ஒன்று, ஏழைத் தொழிலாளி ஒருவரின் மகன் கல்வியினால் உயர்ந்த செய்தி. மற்றொன்று, அம்மகன் கண்ட பொருள் வேறொரு தேசத்து ஏழைகளின் பிழைப்பைத் தொட்ட செய்தி. முதலாவதைக் கண்டு மகிழ்ந்து இரண்டாவதை மறந்துவிடுதல் எமக்கு நன்றன்று.

இளமையும் கல்வியும்

பெல்ஜியம் தேசத்திலே பஞ்சாலைகள் நிறைந்த கெண்ட் நகரில், 1863ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் திகதி பேக்லாண்ட் பிறந்தார். தந்தையார் சப்பாத்துத் திருத்தும் தொழிலாளி. தாயார் பிறர் வீடுகளில் வேலை செய்தவர். மகனும் விரைவில் தம் தொழிலைப் பழகிச் சம்பாதிக்கவேண்டும் என்பது தந்தையாரின் எண்ணம். எப்பாடு பட்டேனும் அவன் படிக்கவேண்டும் என்பது தாயாரின் உறுதி. தாயாரின் உறுதியே வென்றது. நகரசபை நடத்திய தொழிற்கல்லூரியின் மாலை வகுப்புகளில் சேர்ந்து இரசாயனம், பௌதிகம், பொறியியல் ஆகியவற்றை அவர் கற்றார்.

அவ்விளமைப் பருவத்திலே புகைப்படக் கலையில் அவருக்கு ஆசை பிறந்தது. புகைப்படத்துக்கு வேண்டிய வெள்ளி உப்பை வாங்கக் கையிற் பணமில்லை. தந்தையார் பரிசாகக் கொடுத்த கடிகாரச் சங்கிலியின் வெள்ளியை அமிலத்தில் கரைத்து, அவ்வுப்பைத் தாமே செய்துகொண்டார் என்று அவர் வரலாறு கூறுவோர் சொல்வர்.

பரீட்சைகளில் முதன்மையாகத் தேறிய மாணவனுக்குக் கெண்ட் நகரசபை புலமைப்பரிசில் வழங்கியது. 1880இல், பதினேழாவது வயதில், அந்நகரத்துச் சர்வகலாசாலையினுள் அவர் புகுந்தார். 1884இல் கலாநிதிப் பட்டம் மிகச் சிறந்த தகுதியுடன் அவருக்குக் கிடைத்தது. சிலகாலம் புரூஜ் நகரிலும் பின்பு கெண்ட் நகரிலும் ஆசிரியராக விளங்கினார். 1889இல் தம் பேராசிரியர் ஸ்வாட்ஸ் என்பாரின் புதல்வி செலினை மணந்தார். அதே ஆண்டில் பிரயாணப் புலமைப்பரிசில் ஒன்றைப் பெற்று அமெரிக்கா சென்றவர், அங்கேயே தங்கிவிட்டார்.

நோய்ப்படுக்கையில் ஒரு தீர்மானம்

அமெரிக்க வாழ்க்கையின் தொடக்கம் இனிதாக அமையவில்லை. புகைப்படப் பொருள்கள் செய்யும் கம்பனி ஒன்றில் வேலை பார்த்தார். பின்னர், 1891இல், அதை விட்டுச் சொந்தமாக ஆராய்ச்சித் தொழில் தொடங்கினார். ஒரே காலத்தில் பல கண்டுபிடிப்புகளிலே கைவைத்தமையால் ஒன்றும் முற்றுப்பெறவில்லை. பணமும் தீர்ந்தது, கடுமையான நோயும் வந்தது. படுக்கையிற் கிடந்த நாள்களில் தம் நிலையை அவர் எண்ணிப்பார்த்தார். பல வேலைகளைச் சிதறவிடாமல், விரைவிற் பலன் தரக்கூடிய ஒன்றையே பற்றிக்கொள்வது என்று தீர்மானித்தார்.

அத்தீர்மானத்தின் பலனே வெலொக்ஸ் என்ற புகைப்படத்தாள். பழைய தாள்கள் சூரிய ஒளியை எதிர்பார்த்து நின்றன. வெலொக்ஸ் தாளிலோ விளக்கொளியிலேயே படத்தைப் பதிக்கலாம். 1893இல் ஒரு கூட்டாளியுடன் நெப்பெரா என்னும் கம்பனியை அவர் நிறுவினார். 1899இல் கொடாக் நிறுவனத்து ஜோர்ஜ் ஈஸ்ட்மன் அக்கம்பனியை விலைக்கு வாங்கிக்கொண்டார். விலை ஏறத்தாழ 750,000 டொலர் எனக் கூறப்படுகின்றது. சப்பாத்துத் தொழிலாளியின் மகன் முப்பத்தாறு வயதுக்குள் செல்வந்தரானார்.

வேறொருவராயின் அத்துடன் ஓய்ந்திருப்பார். பேக்லாண்டோ நியூயோர்க்கை அடுத்த யொங்கேர்ஸ் நகரில் வீட்டுக்கு அருகே சொந்த ஆய்கூடம் ஒன்றை அமைத்தார். மின்னிரசாயனத்தில் தம் அறிவு போதாது எனக் கண்டு, ஜெர்மனிக்குச் சென்று சாலொட்டன்பேர்க் தொழில்நுட்ப நிலையத்தில் மீண்டும் மாணவராகப் படித்தார். பணம் கைக்கு வந்தபின்னும் பாடம் கேட்கச் செல்லும் மனம் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

காவலிப் பொருள்களும் அவற்றைத் தந்த கைகளும்

பேக்லாண்ட் அடுத்து எடுத்துக்கொண்ட வேலையை விளங்கிக்கொள்ள, அக்காலத்து மின்சாரத் தொழிலின் நிலையைச் சிறிது அறிதல் வேண்டும்.

மின்சாரத்தைத் தன்னூடே செல்லவிடாத பொருளைக் காவலி என எமது பாடநூல்கள் கூறும். கம்பியிலே செல்லும் மின்சாரம் வழிதவறிப் பாயாதிருக்கக் காவலி இன்றியமையாதது. அந்நாளிற் காவலிகள் யாவும் இயற்கை தந்தவையே. கம்பியைப் பருத்தி நூலாலும் பட்டு நூலாலும் சுற்றினர். அதன்மேல் அரக்குப் பூசினர். மைக்கா என்னும் காக்காப்பொன் தகடுகளை அரக்கினால் ஒட்டிப் பலகையாக்கினர். இறப்பருடன் மிகுந்த கந்தகத்தைச் சேர்த்துக் காய்ச்சி, எபனைட் என்ற கடினமான கறுப்புப் பொருளைச் செய்தனர்.

இவை எங்கிருந்து சென்றன? மைக்கா வட இந்தியாவின் கொடர்மாச் சுரங்கங்களிலிருந்தும் நெல்லூர்ப் பகுதியிலிருந்தும் சென்றது. இறப்பர் முதலில் பிரேசிற் காடுகளிலிருந்து சென்றது. 1876இல் ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்ட கன்றுகள் பெருகியபின், எமது இலங்கையிலிருந்தும் சென்றது. பசறையிலிருந்து மொனராகலைப் பக்கம் இறங்குவோர் இன்றும் வழியிலே இறப்பர்த் தோட்டங்களைக் காண்பர்.

அரக்கோ சோட்டாநாகபுரிக் காடுகளின் செல்வம். புரசு, இலந்தை முதலிய மரக்கிளைகளில் ஒட்டி வாழும் சிறு பூச்சிகள் தம்மைச் சுற்றிச் சுரக்கும் பிசினே அரக்கு. ஆயிரமாயிரம் பூச்சிகள் பல மாதம் சுரந்தால்தான் ஓர் இறாத்தல் அரக்குச் சேரும். முண்டா, ஒராவோன் முதலிய பழங்குடி மக்கள் அதைக் கிளையிலிருந்து சுரண்டி எடுத்துச் சந்தைக்குக் கொண்டுவருவர். கழுவி, துணிப்பையிலிட்டு, நெருப்பின்முன் உருக்கி, மெல்லிய தகடாக இழுத்து மேல்நாடுகளுக்கு அனுப்புவர். எமது நாட்டிலும் மாத்தளைப் பகுதியின் கைவினைஞர் அரக்கினால் நிறவேலை செய்வது அறிந்ததே.

மின்சாரத் தொழில் வளர வளர அரக்கின் தேவை பெருகியது, விலையும் ஏறியது. அத்துடன் அரக்குக்கு ஒரு குறையும் இருந்தது. துரியோதனன் வாரணாவதத்திலே பாண்டவர்க்குக் கட்டுவித்த அரக்கு மாளிகையின் கதையை அறியாதார் எம்மில் யார்? சூடுபட்டால் இளகுவதும் தீப்பட்டால் எரிவதும் அரக்கின் இயல்பு. கொதிநீரின் வெப்பம் வருமுன்னரே அது குழைந்துவிடும். எபனைட்டும் வெப்பத்தில் மென்மையாகும். எண்ணெய் பட்டாற் கெடும். வெயிலிற் கிடந்தால் அதன் மேற்பரப்பு காவற்றன்மையை இழக்கும். அசையாதிருக்கும் தந்திக்கருவிக்கு இவை போதுமானவையாயிருந்தன. சூடும் எண்ணெயும் அதிர்வும் நிறைந்த மோட்டார் எஞ்சினுக்கு இவை எங்ஙனம் போதும்?

பேக்கலைட் பிறந்த விதம்

அரக்குக்கு ஒரு மாற்றைச் செயற்கையாகச் செய்துவிடவேண்டும் என்பதே பேக்லாண்டின் முதல் நோக்கம். நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் பினோலும், மரச் சாராயத்திலிருந்து செய்யப்பட்ட போமல்டிகைட்டும் சேர்ந்தால் பிசின் போன்ற ஒன்று உண்டாகும் என்பதை ஜெர்மானிய அறிஞர் அடொல்ப் பேயர் 1872இலேயே கண்டிருந்தார். ஆயின், ஆய்கூடத்துப் பாத்திரங்களின் அடியில் ஒட்டிக்கொண்டு, எதிலும் கரையாமல், கழுவவும் முடியாமல் தொல்லை தந்த அதை அறிஞர்கள் வெறும் கழிவாகவே எண்ணி ஒதுக்கினர்.

பேக்லாண்டும் அவருடைய உதவியாளர் தேர்லோவும் முதலில் கரையக்கூடிய பிசின் ஒன்றைச் செய்தனர். நோவொலாக் எனப்பட்ட அது அரக்கை ஒத்திருந்தும் வியாபாரத்தில் வெற்றி பெறவில்லை. பின்னர், 1907ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், மென்மையான மரத்தைக் கடினமாக்கும் பொருட்டு அவ்விரு பொருள்களின் கலவையை மரத்தினுள் ஊறவிட்டுச் சூடாக்கிப் பார்த்தார் பேக்லாண்ட். மரத்தைவிட, அதிலிருந்து கசிந்து இறுகிய பொருளே அவர் கவனத்தைக் கவர்ந்தது. அது உருகவில்லை, கரையவில்லை.

முன்னையோர் சூட்டைக் குறைத்து அக்கலவையை அடக்க முயன்றனர். சூடு மிகுந்தால் வாயுக்கள் கிளம்பிப் பொருள் நுரைத்துக் கெடும் என்பது அவர்கள் அச்சம். பேக்லாண்ட் அதற்கு நேர்மாறான வழியிற் சென்றார். மூடிய உருக்குப் பாத்திரத்தில் பலத்த அழுத்தத்தைக் கொடுத்து, நுரை எழாதபடி தடுத்துக்கொண்டே, 150 பாகை செல்சியசை ஒட்டிச் சூடாக்கினார். கலவை மூன்று நிலைகளைக் கடந்தது. முதல் நிலையில் அது உருகவும் கரையவும் கூடியது. இடைநிலையில் திண்மமாயினும் சூட்டிற் குழையும். இறுதி நிலையிலோ நிரந்தரமாக இறுகிவிடும். அதன்பின் எவ்வளவு சூடாக்கினாலும் அது உருகாது. மிகுந்தால் கருகுமேயன்றி இளகாது. இடைநிலையிலே மரத்தூளைக் கலந்து அச்சில் வைத்துச் சூட்டுடன் அழுத்தினால், வேண்டிய வடிவம் சில நிமிடங்களில் என்றைக்குமாக நின்றுவிடும். அரக்கைப் போலச் செய்ய முனைந்தவர், அரக்குக்கு இல்லாத குணம் ஒன்றை உடைய புதுப்பொருளைப் பெற்றார்.

1907 ஜூலை 13இல் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இங்கிலாந்திலே ஜேம்ஸ் சுவின்பேர்ன் என்ற பொறியியலாளர் தனியே இதே வழியைக் கண்டிருந்தும், விண்ணப்பத்தில் ஒரு நாள் பிந்திவிட்டார் என்பர். 1909 பெப்ரவரியில் அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் நியூயோர்க் கூட்டத்தில் பேக்லாண்ட் தம் பொருளை வெளியிட்டார். இயற்கை தந்த மூலப்பொருளைத் திருத்தாமல், முழுவதும் இரசாயனச் சேர்க்கையால் ஆக்கப்பட்ட முதற் பிளாஸ்டிக் அதுவே. 1910இல் அவர் நிறுவிய கம்பனி நியூ ஜெர்சியின் பேர்த் அம்போய் என்னுமிடத்தில் அதை உற்பத்தி செய்யத் தொடங்கியது.

மோட்டார் காரில் பேக்கலைட்

பேக்லாண்ட் மோட்டார் காரில் மிகுந்த விருப்பம் உடையவர். 1906இல் குடும்பத்துடன் ஐரோப்பிய நாடுகளைக் காரிலேயே சுற்றிவந்து, அப்பயணத்தைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். அக்காலத்து வண்டிகளின் தொல்லைகளை அவர் பிறர் சொல்லக் கேட்டு அறியவேண்டியிருக்கவில்லை.

பெற்றோல் எஞ்சினுள் ஒவ்வொரு முறையும் மின்பொறி பறந்தால்தான் வண்டி ஓடும். பற்றறியின் சில வோல்ற்று மின்சாரத்தைச் சுருள் ஒன்று பல்லாயிரம் வோல்ற்றாக உயர்த்தும். அதை உரிய வேளையில் உரிய சிலிண்டருக்குப் பகிர்ந்தளிப்பதே டிஸ்ரிபியூட்டரின் வேலை. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 முறை சுழன்றால், 6000 பொறிகளை அது பகிர்ந்தாக வேண்டும். கம்பி முனைகளுக்கு இடையிலுள்ள இடைவெளியோ இரண்டு மூன்று விரலளவு. அங்கே காவலி சிறிது இளகினாலும் வெடித்தாலும் பொறி தவறிப் பாயும், வண்டி நின்றுவிடும்.

அமெரிக்காவில் சார்ள்ஸ் கெட்டரிங் என்பவர் மின்பொறி அமைப்பையும், கைப்பிடி சுழற்றாமலே வண்டியைப் புறப்படுத்தும் மின்சார ஸ்ரார்ட்டரையும் ஆக்கினார். அந்த ஸ்ரார்ட்டர் 1912ஆம் ஆண்டு மாதிரிக் கடிலாக் கார்களில் பூட்டப்பட்டது. அவருடைய டெல்கோ நிறுவனம் இவ்வமைப்புகளின் காவலி உறுப்புகளுக்குப் பேக்கலைட்டை எடுத்துக்கொண்டது. அச்சில் அழுத்தும்போதே பித்தளை முனைகளை உள்ளே பதித்துவிடலாம். கடைசல் வேலை மிகக் குறைவு. எண்ணெய்க்கும் சூட்டுக்கும் அஞ்சவேண்டியதில்லை. ஆகவே டிஸ்ரிபியூட்டர் மூடி, சுழலி, சுருளின் தலை, சுவிச்சு, உருகிப் பெட்டி என ஒன்றன்பின் ஒன்றாக எபனைட்டும் அரக்கும் விலக, பேக்கலைட் அவ்விடங்களைப் பிடித்தது. இங்கிலாந்திலிருந்து எமது மலைநாட்டுக்கு வந்த கார்களின் கறுப்பு மூடிகளும் அவ்வழி வந்தவையே.

எல்லா இயற்கைப் பொருள்களும் ஓடிவிடவில்லை. மோட்டார்களின் செப்புத் துண்டுகளுக்கு இடையே மைக்கா நெடுங்காலம் நிலைத்து நின்றது. பேக்கலைட்டுக்கும் குறை இல்லாமலில்லை. அது அடிபட்டால் வெடிக்கும். ஈரமும் தூசும் படிந்த மேற்பரப்பிலே பொறி பாய்ந்தால், அவ்வழி கருகிக் கரிக்கோடாகிவிடும். கரியோ மின்சாரத்தைக் கடத்தும். பனிக்காலத்தில் சாரதி மூடியைத் துடைப்பதன் காரணம் அதுவே. பிற்காலத்தில் வேறு பிளாஸ்டிக்குகள் அதன் இடத்துக்கு வந்தன. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிச் சுருள் அமைக்கும் புதிய கார்களில் டிஸ்ரிபியூட்டரே இல்லாமற் போயிற்று. ஆயினும், பேக்லாண்டின் பிசினினம் மறையவில்லை. செங்குத்தான இறக்கங்களில் எமது பஸ் வண்டிகளை நிறுத்தும் பிரேக் கட்டைகளின் தூள்களைச் சேர்த்துப் பிணைப்பது பெரும்பாலும் அவ்வினத்துப் பினோல் பிசினே.

இழந்தவரும் பெற்றவரும்

இனி இரண்டாவது செய்திக்கு வருவோம். ஒரு புதுப்பொருள் பழம்பொருளின் இடத்தைப் பிடிக்கும்போது, பழம்பொருளைச் சேகரித்தவர் நிலை என்ன?

இறப்பரைப் பொறுத்தவரை மோட்டார் கார் ஒரு கையால் எடுத்ததை மறு கையால் பன்மடங்காகத் தந்தது. எபனைட்டின் தேவை குறைந்தபோதிலும், சில்லுகளின் டயருக்கு வேண்டிய இறப்பரின் அளவு அதனினும் மிகப் பெரிது. அரக்குக்கு அந்த நல்வாய்ப்பு அவ்வளவாக இல்லை. கிராமபோன் இசைத்தட்டுகளே அதற்கு நெடுங்காலம் கைகொடுத்தன. வினைல் தட்டுகள் வந்தபின் அச்சந்தையும் போயிற்று. 1924இல் பேக்லாண்ட் அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் தலைவராக வீற்றிருந்தார். அதே ஆண்டில் ராஞ்சி நகருக்கு அண்மையில் நாம்கும் என்னுமிடத்தில் அரக்கு ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. மாத்திரைகளுக்கும் மிட்டாய்களுக்கும் பழங்களுக்கும் மேற்பூச்சாக அரக்கு இன்றும் பிழைத்திருக்கின்றது. ஆய்கூடத்திலிருந்து வந்த போட்டிக்கு ஆய்கூடத்தின் துணைகொண்டே ஈடுகொடுக்க வேண்டியிருந்தது என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.

இறுதிக் காலம்

பேக்லாண்டின் கம்பனி போட்டிக் கம்பனிகளுடன் பல்லாண்டு வழக்காடி, 1922இல் அவற்றையும் தன்னுடன் இணைத்துக்கொண்டது. சுவின்பேர்னைப் பகைவராகக் கருதாமல், இங்கிலாந்துக் கம்பனியிற் பங்காளராகச் சேர்த்துக்கொண்டார். செல்வம் பெருகியும் எளிய உணவையும் எளிய உடையையும் அவர் விரும்பினார். நாள்தோறும் எழுதிய குறிப்பேடுகள் பலவற்றை விட்டுச் சென்றார். முதுமையிலே மனிதரை விட்டு ஒதுங்கும் இயல்பு அவரிடம் மிகுந்தது. 1939இல் கம்பனி யூனியன் கார்பைட் நிறுவனத்தின் கைக்குச் சென்றது. 1944 பெப்ரவரி 23இல், எண்பதாவது வயதில், நியூயோர்க் மாநிலத்துப் பீக்கன் நகரில் அவர் காலமானார்.

எமக்குரிய படிப்பினை

ஒரே விளைபொருளை நம்பி வாழ்வோரின் நிலை எத்தகையது என்பதை எமது பகுதி நன்கு அறியும். கோப்பிச் செடியைத் தின்ற இலைநோய் இலங்கையில் முதன்முதல் தென்பட்டது 1869இல், பசறைக்கு அண்மையிலுள்ள மடுல்சீமையிலேயே. நாளடைவில் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. முதலாளிமார் தேயிலைக்கு மாறினர். கோப்பிக்கென வந்த எம் முன்னோர் பட்ட துன்பத்தை எழுதிவைத்தார் இலர். நோய்க் கிருமி செய்ததை நாளை ஓர் ஆய்கூடம் செய்யலாம். உலகிற் பயன்படும் இறப்பரில் ஏறத்தாழப் பாதி இன்று ஆலைகளிற் செய்யப்படுவதே. கொழுந்துக் கூடையும் பால்வாளியும் சுமப்போருக்கு இச்செய்தி தொலைதேசத்துக் கதையன்று.

அதற்காக விஞ்ஞானத்தைப் பழிப்பதிற் பயனில்லை. பேக்லாண்ட் அரக்குச் சேர்ப்போரைக் கெடுக்க எண்ணியவரல்லர். அரக்கு எதனால் இளகுகின்றது, இளகாத ஒன்றைச் செய்ய இயலுமா என்ற கேள்வியை அவர் கேட்டார். நூற்றாண்டுக்கணக்காக அரக்கைக் கையில் ஏந்திய மக்களுக்கு அக்கேள்வியைக் கேட்கும் கல்வியை ஒருவரும் கொடுக்கவில்லை. வேறுபாடு அறிவிலன்று, வாய்ப்பிலேதான். கெண்ட் நகரில் ஒரு தாயின் உறுதியும், ஒரு மாலை வகுப்பும், ஒரு நகரசபையின் புலமைப்பரிசிலும் சேர்ந்தே சப்பாத்துத் தொழிலாளியின் மகனை ஆய்கூடத்தினுள் சேர்த்தன. இம்மூன்றில் தாயின் உறுதிக்கு எமது லயன்களிற் பஞ்சமில்லை. எஞ்சிய இரண்டுமே குறைவு. விஞ்ஞானப் பிரிவிலே படிக்க விரும்பும் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்றும் பட்டணத்துக்குப் பஸ் ஏறவேண்டியிருக்கின்றது. பஸ் கட்டணத்துக்கு வழியின்றிக் கலைப்பிரிவோடு நின்றவர்களும், படிப்பையே விட்டவர்களும் எம்மிடையே உளர்.

எனவே, ஆண்டுதோறும் மலர் வெளியிட்டு விழா எடுக்கும் இளைஞராகிய நாம், விழாச் செலவில் ஒரு பகுதியையேனும் மாலை வகுப்புக்கும் ஒரு மாணவனின் பயணச் செலவுக்கும் ஒதுக்குவோமாக. சர்வகலாசாலையிற் பயில்வோர் விடுமுறையில் ஊர் திரும்பும்போது, தம்பி தங்கையர்க்கு இரசாயனமும் பௌதிகமும் சொல்லிக்கொடுக்க முன்வருவோமாக. தேயிலையையும் இறப்பரையும் உலகுக்குக் கொடுத்த கைகள், அவற்றின் இயல்பையும் மாற்றையும் ஆராயும் கைகளாகவும் ஆகும் நாளை விரைவிற் கொணர்வது எம் கடமையாகும்.